மூலையில் இருக்கும் பெருக்கல் குறி

பேசாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரு, எட்டரைக்குள் படிவத்தை நிரப்பி அனுப்பு, அவ்வளவுதான் வேலை என்று ஆபீசில் எனக்கு மேலே இருக்கும் அர்ஷத் சொல்லியிருந்தார், அதனால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன், கவுண்டரில் செலின் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால், ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் ஸ்டூலில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது எழுந்திரு என்று சொன்னால் உடனே எழுந்துவிடுவதற்குத் தயாராக. இந்த இடத்தில் இருக்க எனக்கு உரிமை உண்டு, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது, இருந்தும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அட்டையைத் திருப்பிப் பெயர் தெரிகிற மாதிரி வைக்கிறேன். ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், காலை ஆறு ஐம்பது, வெறும் வயிற்றோடு வந்தவர்களின் கூட்டம். பசித்த கூட்டத்துக்கு ஒரு தனி அமைதி இருக்கிறது, எல்லோரும் சண்டைக்கு ஒரு அடி முன்னால் நிற்பதுபோல. நானும் சாப்பிடவில்லை, கோயம்புத்தூரில் ஐந்து மணி பஸ் ஏறினேன். செலின் அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும், நான்கு வருடமாக இந்தக் கவுண்டரில் இருக்கிறார். வலது கை கணினி எலியில், இடது கை லேபிள் சுருளில், கண் முன்னால் நிற்பவரின் முகத்தில். திரையை அவர் பார்ப்பதே அரை நொடிதான். "காபி குடிச்சீங்களா?" என்று எல்லோரிடமும் கேட்கிறார். "ஒரு முழுங்குதானுங்க" என்றார் ஒருவர், நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பை. "ஒரு முழுங்குக்கு சர்க்கரையும் ஒரு முழுங்கு ஏறுமுங்கண்ணா. நாளைக்கு வாங்க." "அட, சொல்லாம இருந்திருந்தா எடுத்திருப்பீங்களே அம்மிணி!" "எடுத்திருப்பேன். மாத்திரையும் ஒரு முழுங்கு சேர்த்துக் குடுத்திருப்பாங்க, பரவால்லீங்களா?" வரிசை சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒரு முழுங்கு காபிக்காகத் திரும்பிப் போகிறவரை நான் வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன், எதற்கென்று தெரியவில்லை.

அந்தத் திரை என்னுடையது. அப்படிச் சொல்லக் கூடாது, ஆறு பேர் சேர்ந்து செய்த மென்பொருள், ஆனால் அந்தச் சிறு ஜன்னல் என்னுடையது, வேலைக்குச் சேர்ந்து நான் தனியாக எழுதிய முதல் துண்டு. பதிவுத் திரையில் 'தேடு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் நடுவில் ஒரு சிறு ஜன்னல் திறக்கும். ஏற்கெனவே வந்துபோனவர்களின் பெயர்கள் வரிவரியாக இருக்கும், முதல் வரி நீலமாக இருக்கும். வேண்டியவரைத் தேர்ந்தெடுத்தால் சிறு ஜன்னல் மூடிக்கொண்டு, அவருடைய எண், பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் பெரிய ஜன்னலிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். சிறியது திறந்திருக்கும்வரை பெரியது எதுவும் செய்யாது. எங்கே தட்டினாலும் 'டிங்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். நிரலைப் பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும்: எந்த வரியில் பெரியது சிறியதைக் கூப்பிட்டதோ அந்த வரியிலேயே நிற்கும், அடுத்த வரிக்குப் போகாது, சிறியது திரும்பி வரும்வரை. வந்ததும் விட்ட இடத்திலிருந்து, ஒன்றுமே நடக்காததுபோல், தொடரும். கல்லூரியில் இதைப் படித்தபோது தேர்வுக்காகப் படித்தேன். முதல்முறை என் கையால் எழுதி, தேர்ந்தெடுத்த பெயர் பெரிய ஜன்னலில் போய் விழுந்ததைப் பார்த்தபோது இருபது தடவை திறந்து திறந்து மூடினேன். ஒரு பொருள் இன்னொரு பொருளை இவ்வளவு நம்ப முடியுமா என்று இருந்தது. அனுப்பிவிட்டு நிற்கிறது. சந்தேகமே இல்லை. அர்ஷத் எட்டிப் பார்த்து "சுத்தமா எழுதியிருக்கீங்க பூங்கொடி" என்றார். அன்றைக்கு விடுதிக்கு நடந்தே போனேன்.

"பேரு சொல்லுங்க." "பழனிச்சாமி." "எந்த ஊருப் பழனிச்சாமி?" "கவுந்தப்பாடிங்க." செலின் அக்கா தட்டினார், என் ஜன்னல் திறந்தது, பழனிச்சாமிகள் வரிசையாக வந்தார்கள், முப்பதுக்கு மேல், முதல் வரி நீலம். அக்காவின் கண் மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கியது. "கவுந்தப்பாடி இல்லியே. புதுசா வர்றீங்களா?" "ஆமாங்க, மொதல் தடவை." அக்கா எலியை மேலே கொண்டுபோய், வலது மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திச் சிறு ஜன்னலை மூடினார். பெரிய ஜன்னலில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. பழனிச்சாமி, அறுபத்து இரண்டு, சித்தோடு. நீல வரி. யாரும் தேர்ந்தெடுக்காத நீல வரி. நான் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டேன். அக்கா அசையவே இல்லை. "பழனிச்சாமி, அறுபத்திரெண்டு, சித்தோடு. நீங்க இல்லதானே?" "நான் இல்லீங்க. எனக்கு அம்பத்தஞ்சு." "அதான்." நான்கு கட்டங்களையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்ட ஆரம்பித்தார். இடது கை அதற்குள் லேபிளை உரித்திருந்தது. அடுத்தது ஒரு சரஸ்வதி. மறுபடியும் பெருக்கல் குறி, மறுபடியும் யாரோ ஒரு சரஸ்வதி வந்து உட்கார்ந்தாள், மறுபடியும் அக்கா சத்தமாகப் படித்தார், மறுபடியும் இல்லை என்றார்கள், மறுபடியும் அழித்தார். ஒருவேளை நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னும் மூன்று பேருக்குப் பார்த்தேன். சரியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

என் நிரல் எனக்கு மனப்பாடம். 'சரி' அழுத்தினால் நீல வரியை எடுத்துக்கொள். வரியை இரண்டு முறை தட்டினாலும் அப்படியே. 'வேண்டாம்' அழுத்தினால் நீலத்தை அழித்துவிட்டு மூடு. பிறகு பெரிய ஜன்னலில் ஒரே ஒரு வரி: சிறியதில் நீலமாக எது இருக்கிறதோ அதை வாங்கிக்கொள். எப்படி மூடினாய் என்று பெரியது கேட்கவில்லை. கேட்கும்படி நான் எழுதவில்லை. மூலைப் பெருக்கல் குறியை நான் செய்யவில்லை, அது எல்லா ஜன்னலுக்கும் தானாகவே வருவது, அதனால் அது இருப்பதே என் மனதில் இல்லை. சோதிக்கும்போதெல்லாம் நான் ஒழுங்காக 'வேண்டாம்' அழுத்தினேன். நான் பொத்தான் இருந்தால் பொத்தானை அழுத்துகிறவள், கோடு போட்டிருந்தால் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறவள். அக்கா ஏன் 'வேண்டாம்' அழுத்துவதில்லை? ஸ்டூலிலிருந்து கொஞ்சம் எழுந்து பார்த்தேன். பொத்தான் இல்லை. இந்த மானிட்டர் பழையது, சதுரமானது, என் ஜன்னலின் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே போய்விட்டிருந்தது. 'சரி', 'வேண்டாம்' இரண்டும் இந்த மேசையில் யார் கண்ணிலும், மென்பொருள் இங்கே வந்த இந்த நான்கு மாதமாக, படவே இல்லை. ஆபீசில் என்னுடைய அகலத் திரையில் எல்லாம் தெரிந்தது. அக்காவுக்கு நான் கொடுத்தது கைப்பிடி இல்லாத கதவு. அவர் அதையும் திறந்து மூடிக்கொண்டு ஒரு நாளைக்கு நூற்று இருபது பேரை அனுப்பிவைக்கிறார், சிரிக்க வைத்தும் அனுப்புகிறார்.

கேட்கக் கூடாது, பேசாமல் உட்கார் என்றுதான் சொன்னார்கள். கூட்டம் கொஞ்சம் இளகியபோது கேட்டுவிட்டேன். "அக்கா, சின்ன ஜன்னலை மூடினதும் ஒரு பேர் வருதே..." "அதுவா? அது அப்படித்தான்மா. நாம ஆள் இல்லேன்னு மூடினா, சும்மா வர மாட்டேன்னு மொதல்ல நிக்கிற ஆளைக் கூட்டிட்டு வந்துரும். நல்ல புள்ளைதான், வெறுங்கையோட வரக் கூடாதுன்னு நெனைக்குது போல." சிரித்தார். "நாமதான் படிச்சுப் பாத்துத் திருப்பி அனுப்பணும். மொதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன். அப்புறம் இருக்கிற ஆளோ இல்லாத ஆளோ, எல்லாருக்கும் பேர், வயசு, ஊர் மூணையும் சத்தமாப் படிச்சுட்டுத்தான் லேபிள் எடுக்கிறது." "நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?" "எதுக்கு? பெரிய படிப்புப் படிச்சவங்க செஞ்சது, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்." பெரிய படிப்பு. எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். எனக்குக் காது சுட்டது. மழை பெய்தால் குடை எடுப்பதுபோல, என் தவறை வானிலை மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார் இந்த அம்மாள். நான்கு மாதம், நாளைக்கு நூற்று இருபது பேர், பதினான்காயிரத்துக்கும் மேலே வருகிறது, ஒவ்வொருவர் பெயரும் அந்தக் குரலில் ஒருமுறை சொல்லப்பட்டு, ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் வாங்கப்பட்டு, அதன் பிறகே ஊசி. நான் எழுதாமல் விட்ட வரியை இவர் வாயால் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர் காலைத் தொட வேண்டும்போல இருந்தது, அதைச் செய்தால் வரிசை முழுவதும் பார்க்கும், அதனால் கீழே விழுந்திருந்த லேபிள் தாளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். "சாயந்திரம் யாரு இருப்பாங்க அக்கா?" "விமல்னு ஒருத்தன். அவனுக்கும் படிக்கச் சொல்லித்தான் வெச்சிருக்கேன். போன மாசம் ஒரு புள்ள வந்து, எனக்கு இருபத்தாறு, ரிப்போர்ட்ல அறுபத்தொண்ணு போட்டிருக்கு, நான் அவ்வளவு வயசாவா தெரியறேன்னு ஒரே சண்டை. மாத்திக் குடுத்தோம். அப்புறம் காது குடுத்துக் கேக்குறான்." அந்தப் பெண் வயதைப் பார்த்தாள், சண்டை போட்டாள். பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனவர்கள்? ஐம்பத்தெட்டு வயதுச் சரஸ்வதிக்குப் பதிலாக அறுபது வயதுச் சரஸ்வதி வந்திருந்தால் யார் சண்டை போடுவார்கள்? தெரியாது. எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

ஒரு வாரம். ஏன் இப்போது இது ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு வாரமாம்ப்பா. நான் எட்டாம் வகுப்பு, நாமக்கல், அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், கிரைண்டரிலிருந்து தெறித்த துகள் வலது கண்ணில் ஏறிவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் துகளை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மா கோழிப்பண்ணையில், லீவு போட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள், அதனால் நான். "டாக்டர்கிட்டப் போய்க் கேட்டுட்டு வா கண்ணு, எப்ப வேலைக்குப் போலாம்னு. நீதான் படிக்கிற புள்ள." போனேன். துணித்திரைக்குப் பின்னால் டாக்டர் மூன்று பேரோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். நின்றேன். நர்ஸ் வந்து "என்ன பாப்பா?" என்றாள். ஒண்ணுமில்லீங்க என்றேன். அந்த 'ஒண்ணுமில்லீங்க' எப்படி என் வாயிலிருந்து அவ்வளவு தயாராக வந்தது? கையில் மருந்துச் சீட்டு இருந்தது. மாத்திரைக்குப் பக்கத்தில் 7 நாள் என்று எழுதியிருந்தது. திரும்பி வந்தேன். அப்பா நான் விட்ட இடத்திலேயே, அதே பெஞ்சில், அதே பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வெறுங்கையோடு வரக் கூடாது என்று நினைத்தேனா? நினைத்ததாக ஞாபகம் இல்லை. ஒரு வாரமாம்ப்பா. எட்டாம் நாள் வெல்டிங்குக்குப் போனார். அடுத்த மாதம் கண் சிவந்து வீங்கிப் போனபோது வேறொரு டாக்டர், "ஆறு வாரம் நெருப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். அப்பா, "நாங்கதான் சரியாக் கேட்டுக்கலீங்க" என்றார். நாங்கதான் என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சந்தேகம் இருந்தால்தானே பார்ப்பார். அந்தக் கண்ணில் இப்போது நிழல் மட்டும்தான் தெரியும். அதே பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், "என் பொண்ணு பதிமூணு வயசுல டாக்டர்கிட்டயே நேரா பேசிட்டு வந்தவ." எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பேன்.

எட்டேகால். படிவம் போனில் திறந்திருக்கிறது. 'பிழை ஏதும் உண்டா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்ற வட்டத்தில் ஏற்கெனவே புள்ளி வைத்திருக்கிறது, யார் செய்த படிவமோ, நான் 'அனுப்பு' அழுத்தினால் போதும். ஒன்பது மணிக்கு இந்த மென்பொருள் இன்னும் ஐந்து கிளைகளில் ஏறுகிறது, எல்லாம் புது ஆட்கள், அர்ஷத் கோயம்புத்தூரில் மேனேஜரோடு உட்கார்ந்து என் பதிலுக்குக் காத்திருக்கிறார், வராமல் ஒன்றும் நகராது. வெள்ளிக்கிழமை என் ஆறு மாதம் முடிகிறது, நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். இரண்டே வரி. மத்தியானம் ஆபீசுக்குப் போய் இரண்டு வரி சேர்த்து, 'சிறு மாற்றம்' என்று எழுதி, அடுத்த வாரம் எல்லாக் கிளைக்கும் போய்விடும். யாருக்கும் தெரியாது. ஒரு வாரம்தானே. ஒரு வாரம். ஐந்து கவுண்டரில் ஐந்து புது ஆட்கள், ஐந்து பழைய மானிட்டர்கள்கூட இருக்கலாம், சத்தமாகப் படிக்க யாரும் சொல்லித் தராதவர்கள், மூலையில் இருக்கும் பெருக்கல் குறி. "தங்கம்மாள், நாப்பத்தெட்டு, பவானி. நீங்கதானே?" "நானேதான் சாமி." "அப்பாடா, இன்னைக்கு மொதல் தடவையா சரியான ஆள் வந்திருக்கு" என்றார் செலின் அக்கா, அந்த அம்மாளும் சிரித்தாள், என்ன என்று தெரியாமலேயே. ஒருநாளாவது இவருக்கு அலுத்திருக்காதா? பல்வலி வந்திருக்காதா, வீட்டில் சண்டை நடந்திருக்காதா? அன்றைக்கும் படித்திருக்கிறார். நான் இப்போது உண்மையைச் சொல்லாவிட்டால் இவர் செய்ததெல்லாம் இந்த ஒரு மேசையோடு நின்றுவிடும்.

வாசலுக்கு வந்தேன். படிவத்தில் புள்ளியை மாற்றினேன், ஆனால் அது போதாது, போதாது என்று தெரிந்தது, அழைத்தேன். "சொல்லுங்க பூங்கொடி, எல்லாம் ஓகேதானே? அனுப்பிட்டீங்களா?" "ஓகே இல்லீங்க அர்ஷத். ஒன்பது மணி இன்ஸ்டால் நிறுத்தணும்." ஒரு நாற்காலி நகரும் சத்தம். தேடும் ஜன்னலை மூலையில் மூடினால் தேர்ந்தெடுக்காத ஆள் வந்துவிடுவதையும், இங்கே பொத்தானே தெரியாததையும், செலின் அக்கா ஒவ்வொரு பெயரையும் வாயால் படித்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பதையும், சாயந்திரப் பதிவுகளில் ஒன்று தவறிப் பிடிபட்டதையும், பிடிபடாதது இருக்கலாம், நான்கு மாதத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "அது யார் எழுதினது?" என்றார், பிறகு அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், நிறுத்தினார். "நான்தாங்க. எப்படி மூடினாங்கன்னு பார்க்காம விட்டுட்டேன்." "ம்." நீளமான ம். "நானும்தானே பார்த்தேன், சுத்தமா இருக்குன்னு சொன்னேன்." பிறகு குரல் மாறியது. "சரி. நிறுத்தச் சொல்றேன். மேனேஜர் கத்துவார், கத்தட்டும். நாலு மாசப் பதிவும் எடுக்கணும், இன்னைக்கு யாரும் வீட்டுக்குப் போறதில்ல. வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமை பார்த்துக்கலாம், இப்ப நான் ஒண்ணும் சொல்ல முடியாது." "சரிங்க." "அந்தக்கா பேர் என்ன சொன்னீங்க?" "செலின்." "எழுதிக்கிட்டேன்." வைத்துவிட்டார். சந்தோஷமாக இல்லை. ஆனால் தண்ணீர் குடிக்க எங்கேயும் போகத் தோன்றவில்லை.

போன் மறுபடியும் அடித்தது. அப்பா. தினமும் எட்டரைக்கு, பட்டறையில் வேலை தொடங்கும் நேரத்தில், ஒரே கேள்விக்காகக் கூப்பிடுவார், நான் ஒரே பதிலைச் சொல்வேன், அரை நிமிடத்தில் வைத்துவிடுவோம். "சாப்டியா கண்ணு?" பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்ட்டேன் என்பது நாக்கில் தயாராக, முதல் வரியில், நின்றுகொண்டிருந்தது. "இல்லீங்கப்பா. இன்னும் சாப்பிடல." "ஏன் சாமி, உடம்புக்கு என்ன?" "உடம்பு நல்லாத்தான் இருக்கு." கண்ணாடிக்கு உள்ளே செலின் அக்கா யாரையோ பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார், குரல் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது: பேர், வயசு, ஊர். எதிரில் நின்றவர் யோசித்துத் தலையசைத்தார். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கண் ஆஸ்பத்திரியில, அன்னைக்கு, நீங்க டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னீங்கல்ல." தட்டும் சத்தம் நெருங்கி, பிறகு தூரமாகப் போனது. சத்தம் இல்லாத பக்கமாக நடந்து போகிறார் என்று தெரிந்தது, எந்தச் சுவர், எந்த வேப்பமரம் என்றுகூட எனக்குத் தெரியும், அங்கே போய் நின்று, நல்ல கண் இருக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்து, போனைக் காதோடு அழுத்திக்கொள்வார்.

"இருக்கேன் கண்ணு," என்றார். "சொல்லு."